சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?

(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



"ஒரு டயரைக் கழற்றி இன்னொரு டயரை மாட்ட 150 ரூபாயா? பதினஞ்சு நிமிஷ வேலைக்கு இது பகல் கொள்ளை இல்லையா?"

நம் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில் இந்தக் கேள்வி காதில் விழாத வாரமே கிடையாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதே ஆதங்கம்தான். நானும் ஒரு காலத்தில் இதையே சத்தமாகக் கேட்டவன். இன்று என் கருத்து வேறு. கடையில் கொடுப்பது லாபமா, நாமே மாட்டுவது லாபமா என்பதை மலர் வாசகர்கள் முன்னால் கணக்கோடு வைக்கிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

முதலில் என் சொந்தக் கதை. எங்க அப்பா பால்காரர். டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பின் டயர் மொட்டையாகிவிட்டது. புது டயர் வாங்கினோம். மாட்டக் கடையில் 150 ரூபாய் கேட்டார்கள். "எதுக்குப்பா தண்டச் செலவு? நான் மெக்கானிக்கல் படிக்கிறேன், நானே மாட்டுறேன்" என்று வீறாப்பாகச் சொல்லி டயரை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

டயர் லீவர் இல்லை. இரண்டு ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது மணி ஒன்பதரை. விரல் முட்டியெல்லாம் ரத்தம். ஆனால் டயர் மாட்டியாச்சு, காத்தும் நின்றது. அம்மா சுற்றிப் போடாத குறைதான்!

மறுநாள் காலை அப்பா பால் சொசைட்டிக்குப் பாதி தூரம் போகும்போதே பின் சக்கரம் காற்றிறங்கி ஆட்டம் காட்டியிருக்கிறது. வண்டி சாய்ந்து ஒரு கேன் கவிழ்ந்தது. இருபது லிட்டர் பால் ரோட்டில். முழங்காலில் நல்ல சிராய்ப்பு. பின்னால் லாரி எதுவும் வரவில்லை, அது நாங்கள் செய்த புண்ணியம். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என்னைத் திட்டவில்லை. "நூத்தம்பது ரூபா மிச்சம் பண்ணிட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

ஸ்க்ரூ டிரைவரின் முனை உள்ளே டியூபைக் கடித்திருக்கிறது. மொத்த நஷ்டம் என்ன? டியூப் 220, மறுபடி கடையில் மாட்டிய கூலி 150, பால் லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் 700. ஆக 1,070 ரூபாய். மிச்சம் பிடிக்க நினைத்தது 150!

கடைக்காரர் எதற்குக் காசு வாங்குகிறார்?

அன்றுதான் பஞ்சர் கடை அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். தொடர்ந்து நாலு ஞாயிற்றுக்கிழமை. திருச்சி - மதுரை நாற்கரச் சாலையை ஒட்டிய கடை. அவர் செய்வதைப் பார்த்தபோதுதான் 150 ரூபாயின் அர்த்தம் புரிந்தது.

அந்தப் பணத்தில் கம்ப்ரசருக்கு ஓடும் கரண்ட் இருக்கிறது. கடை வாடகை இருக்கிறது. வண்டியே வராமல் ஈ ஓட்டும் மதிய வேளை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுப்பு இருக்கிறது. அவர் மாட்டிய டயர் மறுநாள் காற்றிறங்கினால், காசு வாங்காமல் திரும்பப் பிரித்துப் பார்த்துக் கொடுக்கிறார். என் வேலைக்கு அந்த உத்தரவாதத்தை யார் கொடுத்தார்கள்? எங்க அப்பா முழங்கால்தான் கொடுத்தது.

நான் செய்த தப்பையும் அண்ணன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். "லீவரு பலத்துக்கு இல்ல தம்பி. எதிர்ப்பக்கம் குழியில எறங்கிருச்சான்னு பாரு. எறங்கலைன்னா யானை நெம்பினாலும் வராது."

இதில்தான் நம்ம பாடம் முழுக்க இருக்கிறது. டயரின் இரண்டு ஓரத்திலும் உள்ளே இரும்புக் கம்பி வளையம் ஓடுகிறது. அதைத்தான் பீடு என்கிறோம். அந்தக் கம்பி நீளாது. நீளவும் கூடாது, ஏனென்றால் டயரை ரிம்மில் பிடித்து வைப்பதே அதுதான். அப்படியானால் ரிம்மின் விளிம்பைத் தாண்டி அது எப்படி உள்ளே போகும்? ரிம்மின் நடுவில் ஒரு குழிவு இருக்கிறது பாருங்கள். ஒரு பக்கத்து பீடை அந்தக் குழிவில் அமுக்கினால் எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில்தான் டயர் ஏறுகிறது. இது தெரியாமல் லீவரை நீளமாக்கிக்கொண்டே போனால் டியூப் கிழியும், இல்லை ரிம் வளையும்.

இந்த யோசனை நேற்று வந்ததல்ல. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அந்த ஆரம்ப கால டயரை ரிம்மோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள். பஞ்சரானால் பிரித்து, ஒட்டி, காய வைக்க மணிக்கணக்காகும். 1890இல் வெல்ச் என்ற ஆங்கிலேயர் ஓரத்தில் கம்பி வைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். 1891இல் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் எளிதில் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு ஓட்டிய ஷார்ல் டெரோன் அந்த ஆண்டு பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தார். ஆக, டயரை மனுஷன் கையாலேயே கழற்றி மாட்ட வேண்டும் என்பதற்காகவே மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். 130 வருஷம் கழித்து மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கும் நாம் அதைப் பார்த்து முழிக்கலாமா?

இன்னொரு வெட்கமும் உண்டு. இதே நெடுஞ்சாலையில் தெற்கே போனால் மேலூர் பக்கம் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா டயர் தொழிற்சாலை. திருச்சி தாண்டி வடக்கே போனால் பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை. நாளைக்கு இங்கெல்லாம் வேலை கேட்டு நிற்கப் போகிறவர்கள் நாம். இரண்டுக்கும் நடுவில் விராலிமலையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மொபெட் டயரை மாட்டத் தெரியாது என்றால் மயில்கூடச் சிரிக்கும்!

சரி, கணக்குக்கு வருவோம்

நானே மாட்டுவது என்றால் என்ன வேண்டும்? நான் வாங்கிய விலைப்படி டயர் லீவர் ஒரு ஜோடி 250, கால் பம்பு 550, பேட்ச் - சொல்யூஷன் 60. மொத்தம் 860 ரூபாய். ஸ்பேனர் வண்டியிலேயே இருக்கிறது.

டயர் மாட்டுவதற்கு மட்டும் என்றால், 860 ரூபாய் திரும்பி வர ஆறு தடவை டயர் மாற்ற வேண்டும். சாதாரணமாக ஓடும் வண்டிக்கு வருஷம் ஒரு டயர் என்று வைத்தாலும் ஆறு வருஷம். நம்ம டிப்ளமோவே மூணு வருஷம்தான்!

பஞ்சரையும் சேர்த்தால் கணக்கு மாறும். சீமைக் கருவேல முள் புண்ணியத்தில் எங்க வண்டிக்கு வருஷத்துக்கு நாலு பஞ்சர் நிச்சயம். தடவைக்கு 100 என்றால் 400. டயர் கூலி 150 சேர்த்து 550. ஒன்றரை வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும் போலத் தெரிகிறது. ஆனால் பஞ்சர் வீட்டு வாசலில் நடப்பதில்லையே! கொடும்பாளூர் தாண்டி நடக்கும்போது பம்பு வீட்டுப் பரணில் இருக்கும். ஆகவே பாதிதான் கணக்கில் வரும்.

ஆக, தனி ஆளுக்கு இதில் பெரிய லாபம் இல்லை. கடைதான் லாபம். இதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நாற்பது வண்டி நிற்கும் ஸ்டாண்டில் ஒரே ஒரு செட் இருந்தால்? 860ஐ நாற்பதால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 21 ரூபாய் 50 காசு. ஒரு டீயும் ஒரு வடையும்! இதுதான் நான் சொல்ல வந்தது. தனியாகச் செய்தால் வீண் செலவு, கூட்டாகச் செய்தால் ஆதாயம்.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

சைக்கிள், மொபெட், டியூப் உள்ள சின்ன பைக் டயர் வரைக்கும் நாம் கை வைக்கலாம். எக்ஸெல் 100 வண்டியின் டயரில் 2.50-16 என்று போட்டிருக்கும். இரண்டரை அங்குல அகலம், பதினாறு அங்குல ரிம். பழகுவதற்கு ஏற்ற அளவு. பீடில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். டியூபில் கொஞ்சம் காற்றடித்து உருண்டையாக்கி உள்ளே வையுங்கள். தொளதொளவென்று கிடந்தால் லீவர் கடிக்கும். வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பித்து வால்வுப் பக்கம் முடியுங்கள். பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுற்றும் திசையைப் பாருங்கள். ஒரு தடவை காற்றடித்து, இறக்கிவிட்டு, மறுபடி அடித்தால் டியூபின் மடிப்பு எடுபடும். டயரில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டாதீர்கள்.

டியூப்லெஸ் டயரைக் கடைக்கே கொண்டு போங்கள். பீடு ரிம்மில் காற்றுப் புகாமல் உட்கார ஒரே மூச்சில் நிறையக் காற்று வேண்டும். அதற்குக் கம்ப்ரசர்தான் சரி, கால் பம்பில் உயிரை விட்டாலும் பெரும்பாலும் உட்காராது. லாரி டயரை விளையாட்டுக்கும் தொடாதீர்கள். பூட்டு வளையம் வைத்த ரிம்மில் காற்றடிக்கும்போது வளையம் தெறித்தால் ஆளையே கொல்லும். விவரம் தெரிந்தவர்கள் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிப்பார்கள்.

தோழிகளுக்கு ஒரு வார்த்தை

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்த அம்மாக்களின் பிள்ளைகள், பேத்திகள்தான் இன்று நம்மோடு படிக்கிறார்கள். பலரிடம் பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள் இருக்கிறது.

ஆனால் போன வருஷம் மழை நாளில் இலுப்பூர் ரோட்டில் பஞ்சரான என் வகுப்புத் தோழி ஒருத்தி, இருட்டில் ஒன்றரை மணி நேரம் அண்ணன் வருவதற்காகக் காத்து நின்றாள். மறுநாள் முதல் வீட்டில் சைக்கிளுக்குத் தடா. பஸ் கிடைக்காத நாளெல்லாம் அவளுக்கு ஆப்சென்ட். ஓட்டக் கற்றது பாதிச் சுதந்திரம். ஒட்டக் கற்றால்தான் அது முழுசாகும் என்பது என் எண்ணம். 150 ரூபாய்க் கணக்கில் அடங்காத லாபம் இது.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் கோரிக்கைகள்:

ஒன்று, சைக்கிள் ஸ்டாண்டில் பொதுவாக ஒரு டயர் செட் வைக்க வேண்டும். வண்டிக்கு 25 ரூபாய் வாங்கினால் நாற்பது வண்டிக்கு 1,000 ரூபாய். செட் போக மீதி 140 ரூபாய் பேட்சுக்கும் சொல்யூஷனுக்கும்.

இரண்டு, வருஷத்தில் ஒரு சனிக்கிழமை முதலாமாண்டு மாணவர்களுக்குப் பயிற்சி. மாணவிகள் முதல் வரிசையில். பஞ்சர் கடை அண்ணனையே ஆசிரியராக அழைக்க வேண்டும். அதுவும் ஓசியில் அல்ல, உரிய சம்பளம் கொடுத்து. நாம் கற்றுக்கொண்டால் உங்க பிழைப்புக் கெடாதா என்று அவரிடமே கேட்டேன். "ஒட்டுறவன் எத்தனை பேரு வந்தாலும் முள்ளு குறையப் போறதில்ல தம்பி" என்று சிரித்தார்.

மூன்று, கடையில் வேலை முடிந்ததும் பேரம் பேசும் பழக்கத்தை விடுவோம். வேலைக்கு முன்னால் கேட்டுக்கொள்வோம், முடிந்ததும் முழுசாகக் கொடுப்போம்.

போன மாதம் எங்க எக்ஸெலுக்கு முன் டயர் மாற்ற வேண்டி வந்தது. இந்தத் தடவை லீவரோடு நானே மாட்டினேன். நாற்பது நிமிஷம் ஆனது. விடியற்காலை அப்பா டயரை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். அப்புறம் கேனை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அவர் திரும்பி வரும்வரை நான் வாசலை விட்டு நகரவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் தெரிந்தது, கடைக்கார அண்ணன் ஒவ்வொரு வண்டியோடும் எதை அனுப்பி வைக்கிறார் என்று.