20 சதவீதம் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

கிடங்குகளில் சரக்கு சுமக்கும் ரோபோக்களைப் பற்றி ஒரு கருத்து கேள்வியே இல்லாமல் நிலைபெற்றுவிட்டது. ஒவ்வொரு ரோபோவும் தன் பேட்டரியைத் தானே பார்த்துக்கொள்ளும். 20 சதவீதத்துக்கு இறங்கினால் சார்ஜருக்குப் போகும், முழுதாக ஏறியதும் வேலைக்குத் திரும்பும். இதற்கென்று அட்டவணை தேவையில்லை, நெரிசல் வந்தால் கூடுதலாகச் சார்ஜர் வாங்கிக்கொள்ளலாம் என்பதே அது. தனியாக ஓடும் ஒரு ரோபோவுக்கு இது பொருந்தும். கூட்டமாக ஓடுபவற்றுக்குப் பொருந்தாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரோபோ முழு சார்ஜில் 8 மணி நேரம் ஓடி 20 சதவீதத்துக்கு வருகிறது, மறுபடி நிரம்ப 2 மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 10 மணி நேரத்திலும் 2 மணி நேரம்தான் அதற்குச் சார்ஜர் வேண்டும். ஆகவே 40 ரோபோக்களுக்கு 8 சார்ஜர் போதும். ஆனால் எல்லாமே காலையில் நிரம்பிய பேட்டரியோடு கிளம்பி ஒரே அளவு வேலை பார்த்தால், ஏறக்குறைய ஒரே நேரத்தில் 20-ஐத் தொடும். எட்டு எட்டாக ஏற்றினால், கடைசி எட்டுக்கு முறை வர 8 மணி நேரம் ஆகும். ஒரு சுற்று போனால் நேரங்கள் தாமாகவே பிரிந்துவிடும் என்று இதற்குப் பதில் சொல்லலாம். இரவு பகலாக ஒரே சீராக ஓடும் கிடங்கில் அது உண்மையே. இரவில் வேலை நிற்கும் இடத்திலோ விடிவதற்குள் எல்லாம் நிரம்பிவிடும். மறுநாளும் அதே வரிசைதான்.

முழுதாக ஏற்றியே ஆக வேண்டும் என்பது பழைய பேட்டரிகள் விட்டுச்சென்ற பழக்கம். ஈய-அமில பேட்டரியை அரைகுறையாக விட்டால் தகடுகளில் சல்பேட் படியும். லித்தியம்-அயனுக்கு அந்தக் குறை இல்லை. அடிமட்டம் வரை இறக்குவதும், நிரப்பியபடியே வைத்திருப்பதும்தான் அதன் ஆயுளைக் குறைக்கின்றன. தவிர, மின்னழுத்தம் உச்ச வரம்பைத் தொட்டதும் மின்னோட்டம் படிப்படியாகக் குறைக்கப்படுவதால், கடைசிப் பகுதி நிரம்பத்தான் அதிக நேரம் பிடிக்கிறது. ஒரு ரோபோ அந்தக் கடைசிப் பகுதிக்காகச் சார்ஜரை அடைத்து நிற்கும்போது, காலியான இன்னொன்று வெளியே நிற்கிறது. அடிக்கடி சிறிது சிறிதாக ஏற்றுவது புதிதும் அல்ல: அமேசான் 2012-இல் வாங்கிய கிவா நிறுவனத்தின் கிடங்கு ரோபோக்கள் மணிக்கு ஐந்து நிமிடம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஓடியவை. லித்தியம்-அயனிலேயே லித்தியம் இரும்பு பாஸ்பேட் (எல்எஃப்பி) வகையில் மின்னழுத்தம் அதிகம் மாறாததால், மீதி எவ்வளவு என்ற கணிப்பு நாளடைவில் பிசகும். அதைச் சரிசெய்ய அவ்வப்போது முழு சார்ஜ் தேவை என்ற ஆட்சேபம் நியாயமானது. அந்த முழு சார்ஜையும் வேலை குறைந்த நேரத்தில் சிலவற்றுக்கு மாற்றி மாற்றி ஒதுக்க ஓர் அட்டவணைதான் வேண்டும்.

கூடுதல் சார்ஜர் வாங்குவதோடு செலவு முடிவதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரம் இழுத்தால் அதிகபட்ச மின்தேவை ஏறும். அதற்கும் கட்டணம் உண்டு. ஆபத்தும் உண்டு. இங்கிலாந்தின் ஆண்டோவரில், இணையவழி மளிகை நிறுவனமான ஒகாடோவின் ரோபோ கிடங்கு 2019 பிப்ரவரியில் எரிந்து அழிந்தது. ஒரு சார்ஜிங் அலகில் ஏற்பட்ட மின்கோளாறிலிருந்து தொடங்கிய தீ அது. ஒவ்வொரு சார்ஜரும் கண்காணிக்க வேண்டிய இன்னோர் இடம்.

அட்டவணை போடும் மையக் கணினி முடங்கினால் எல்லாமே நின்றுவிடாதா என்பது வலுவான கேள்வி. அதற்காகத்தான் 20 சதவீத வரம்பை நீக்கச் சொல்லவில்லை. கடைசிப் பாதுகாப்பாக அது ஒவ்வொரு ரோபோவுக்குள்ளும் இருக்கட்டும். அதற்கு மேலே, ஆர்டர் குறைந்திருக்கிறதா, சார்ஜர் காலியா என்ற இரண்டை மட்டும் பார்த்து 60 சதவீதத்திலேயே சிலவற்றை அனுப்பும் எளிய விதி போதும். சார்ஜர்களைச் சரக்கு எடுக்கும் மேடைகளுக்கு அருகிலேயே வைத்தால், அடிக்கடி போய்வரும் நேரமும் பெரிதாக வீணாகாது.