பெயர்ப்பலகை மாறிய தீவுகள்



இந்த மாதப் பக்கத்துக்கு வங்கியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதுவும் கரீபியன் வங்கி! பயப்படாதீர்கள், கிரிக்கெட்டில் தொடங்குகிறேன்.

சேப்பாக்கத்தில் விக்கெட் எடுத்த கையோடு பிராவோ போட்ட ஆட்டத்துக்கு விசிலடித்தவர்கள் நாம். அவர் கடவுச்சீட்டில் 'வெஸ்ட் இண்டீஸ்' என்று இருக்காது. அப்படி ஒரு நாடே கிடையாது. பிராவோ டிரினிடாட்காரர், கெயில் ஜமைக்காக்காரர், டேரன் சாமி செயின்ட் லூசியாக்காரர். கொடி வேறு, பிரதமர் வேறு, ஆடும்போது மட்டும் ஒரே அணி. ஒரே நாடாகவும் முயன்று பார்த்தார்கள். 1958இல் பத்துப் பிரதேசங்கள் சேர்ந்து கூட்டாட்சி அமைத்தன. 1961இல் ஜமைக்கா மக்கள் வாக்களித்து வெளியேறினார்கள். பத்தில் ஒன்று போனால் மிச்சம் பூஜ்யம்தான் என்று புதுக்கணக்குச் சொல்லி டிரினிடாட்டின் எரிக் வில்லியம்ஸும் ஒதுங்கிக்கொள்ள, 1962இல் எல்லாம் முடிந்தது.

அரசியலில் கூடிவராத அந்த ஒற்றுமை பணத்தில் எப்படிக் கூடிவந்தது, யார் கூட்டினார்கள் என்பதுதான் என்னை இழுத்த கதை.

1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றிய லண்டன், 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! அந்தப் பணம் கைமாறிக்கொண்டிருந்த நாட்களில், 1836இல், அரச சாசனத்தோடு காலனியல் வங்கி பிறந்தது. மறு ஆண்டே டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கடை விரித்தது. விடுதலையானவர்கள் கரும்புக் காட்டைவிட்டு விலக விலக, 1845 முதல் கல்கத்தாவிலிருந்தும், ஓரளவு நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். தெற்கிலிருந்து போனவர்களுக்கு அங்கே 'மதராசி' என்றே பெயர். அவர்கள் வெட்டிய கரும்பின் பணம் புழங்கிய உலகத்தில் வளர்ந்த வங்கி அது.

1925இல் அது பார்க்லேஸ் ஆனது. டிரினிடாட் விடுதலை பெற்றபின் 1972இல் உள்ளூர் நிறுவனமாகப் பதிவானது. 1981இல் பலகையை மாற்றி 'ரிபப்ளிக் வங்கி' என்று எழுதினார்கள். இடையே ஒரு கொந்தளிப்பும் உண்டு. 1970 பிப்ரவரியில், மான்ட்ரியலில் பல்கலைக்கழக இனப்பாகுபாட்டை எதிர்த்துக் கைதான கரீபிய மாணவர்களுக்காகப் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருவில் ஊர்வலம் புறப்பட்டது. கோபம் போய் நின்ற இடங்களில் ஒன்று, கனடாவின் ராயல் வங்கி வாசல். கல்லாவுக்குப் பின்னால் எந்த நிறத்து முகம் இருக்கிறது என்று அந்தத் தலைமுறை வாய்விட்டுக் கேட்டது. ஏப்ரலில் நெருக்கடி நிலையே அறிவிக்க வேண்டியதாயிற்று. தேசிய வணிக வங்கி என்ற உள்ளூர் வங்கியை அரசு தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

கனடா வங்கிகளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் கருவாட்டு வியாபாரம்தான். ஹாலிஃபாக்ஸிலிருந்து உப்பிட்ட காட் மீன் போகும், சர்க்கரையும் ரம்மும் திரும்பி வரும். அந்தக் கப்பல்களின் பின்னாலேயே போன ஸ்கோஷியா வங்கி, 1889இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கிளை திறந்தது. சொந்த நாட்டின் டொரோண்டோவில் திறப்பதற்கும் முன்னால்!

நூறாண்டுக்கும் மேல் லாபம் பார்த்தவர்களுக்குச் சிறு தீவுகள் ஒருநாள் சுமையாகத் தோன்றின. 2018 நவம்பரில் ஒன்பது இடங்களை ரிபப்ளிக் குழுமத்துக்கு விற்கப்போவதாக ஸ்கோஷியா அறிவித்தது. 2019இல் செயின்ட் லூசியா, கிரெனடா, டொமினிக்கா உள்ளிட்ட ஏழு இடங்கள் கைமாறின. இரண்டு மட்டும் மாறவில்லை. ஏற்கெனவே பெரிதாக இருக்கும் வங்கி இன்னும் பெருப்பதா என்று கயானாவின் மத்திய வங்கி மறுத்துவிட்டது. எங்கள் ஊர் வங்கிக்குக் கொடுங்கள் என்று ஆன்டிகுவா அரசு பிடித்த பிடியில் நின்றது. 2021இல் அங்கத்திய வங்கியே வாங்கியும்விட்டது. அதே ஆண்டில் ராயல் வங்கியும் கிழக்குத் தீவுகளைவிட்டுக் கிளம்ப, ஐந்து உள்ளூர் வங்கிகள் கைகோத்து அதன் கிளைகளை எடுத்துக்கொண்டன. எனக்கு ஆன்டிகுவாவின் பிடிவாதம் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் அது மட்டும் போதாது.

டொமினிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த மக்களே சுமார் 70 ஆயிரம் பேர். 2017 செப்டம்பரில் மரியா புயல் ஒரே இரவில் அந்த நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அழித்துப்போனது. அந்தத் தீவுக்குள் மட்டும் கடன் கொடுத்திருக்கும் வங்கியின் நிலையை நினைத்துப் பாருங்கள். அடமானமாக எழுதி வாங்கிய வீட்டுக்குக் கூரை இல்லை, கடன்காரருக்கு வேலை இல்லை, வங்கிக் கட்டடமே நிற்குமா என்பதும் சந்தேகம். நல்ல கடன், வாராக் கடன் என்ற பாகுபாட்டையெல்லாம் காற்று பார்ப்பதில்லை. பல தீவுகளில் கால் பதித்த குழுமமாக இருந்தால், ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்கும். இதே யோசனையில்தான் 2007இல் அரசுகள் சேர்ந்து பேரிடர் காப்பீட்டு நிதி ஒன்றைத் தொடங்கின. சேதத்தை எண்ணிக்கொண்டிருக்காமல், காற்றின் வேகத்தையும் மழையளவையும் வைத்தே பணம் தருகிற ஏற்பாடு. மரியாவுக்குப் பிறகு டொமினிக்காவுக்குச் சுமார் 1.9 கோடி டாலர் வந்தது. இழப்பின் முன்னால் அது சொற்பம், ஆனால் உடனே வந்தது.

நாணயமும் இப்படித்தான். எட்டுப் பிரதேசங்களுக்கு ஒரே கிழக்குக் கரீபியன் டாலர். 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று அசையாமல் நிற்கிறது. தனிவழி போன ஜமைக்காவில் ஓர் அமெரிக்க டாலருக்கு இன்று 150க்கு மேல் எண்ணி வைக்க வேண்டும். அந்தக் கிழக்குக் கரீபியன் நூறு டாலர் நோட்டில் ஒரு பொருளாதார அறிஞரும் இருக்கிறார். 1979இல் நோபல் பெற்ற செயின்ட் லூசியாவின் ஆர்தர் லூயிஸ். கரீபியன் வளர்ச்சி வங்கியின் முதல் தலைவரும் அவரே.

கைகோத்தால் நோயும் தொற்றும். 2009 ஜனவரியில் டிரினிடாட்டின் சி.எல். ஃபைனான்ஷியல் குழுமம் சாய்ந்தது. காப்பீட்டில் தொடங்கி எதையெதையோ வாங்கிக் குவித்த நிறுவனம். ரிபப்ளிக் வங்கியின் பங்குகளிலும் பெரும்பகுதி அதனிடம் இருந்தது. வங்கி பிழைத்துக்கொண்டது. கிழக்குத் தீவுகளில் அந்தக் குழுமத்தின் காப்பீட்டு நிறுவனங்களை நம்பி ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டவர்கள்தான் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். அதற்குமுன் அந்தக் குழுமத்தை உள்ளூர்ப் பெருமை என்று கொண்டாடியிருந்தார்கள். நம்மவர் நடத்துகிறார் என்பதாலேயே கணக்கைப் புரட்டிப் பார்க்காமல் விடுவது எந்த ஊரிலும் ஆபத்து.

இவ்வளவுக்கும் நடுவே, சந்தையில் காய்கறி விற்கும் பெண்மணி பெரும்பாலும் நம்பியிருப்பது சூசூவைத்தான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் வந்த வழக்கம். பத்துப் பேர் வாரந்தோறும் பணம் போடுவார்கள். மொத்தத்தையும் முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வார். தள்ளு கிடையாது, வட்டி கிடையாது. ஜமைக்காவில் 'பார்ட்னர்' என்பார்கள், கயானாவில் 'பாக்ஸ் ஹேண்ட்'. நம் குலுக்குச் சீட்டு மாதிரிதான். வங்கிக்குள் நுழைய முடியாத காலத்தில் பிழைக்க வைத்த ஏற்பாடு, வங்கி உள்ளூர்க்காரர் கைக்கு வந்தபின்னும் ஏன் தொடர்கிறது? சம்பளச் சீட்டு கேட்காமல் ஆளைப் பார்த்துக் கடன் கொடுக்கும் கலை கல்லாவுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை என்பதே என் எண்ணம். சூசூவுக்கு அது தெரியும்.

ரிபப்ளிக் குழுமம் கடல் தாண்டியும் போயிருக்கிறது. 2015இல் கானா நாட்டு வங்கி ஒன்றின் பெரும்பங்கை வாங்கியது. அதற்கும் இப்போது ரிபப்ளிக் என்றே பெயர். எந்தக் கரையிலிருந்து மனிதர்களை ஏற்றிக் கரும்புத் தோட்டங்களுக்கு விற்றார்களோ அந்தக் கரை. தோட்ட முதலாளிகளின் காலத்தில் தொடங்கிய வங்கி, அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகளும் கூலிகளின் பேரப்பிள்ளைகளும் உத்தியோகம் பார்க்க, அக்ராவில் வீட்டுக்கடன் தருகிறது.

டிரினிடாட், கயானா, குவாதலூப் பக்கம் உறவோ நட்போ உள்ள வாசகர்கள் நம்மில் சிலராவது இருப்பீர்கள். அங்கத்திய சூசூவில் யார் முதலில் எடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள், எடுத்துவிட்டுக் கம்பி நீட்டியவரை என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். சொந்தச் சீட்டு அனுபவம் இருந்தாலும் சரி. வரும் இதழில் இரண்டு பக்கம் காலியாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்