மரியாதையும் ஒரு பாதுகாப்புக் கவசமே!



ஆண்டு மலருக்குத் துப்பாக்கி சுடுதல் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "டேய், அரியமங்கலத்துல இருந்துகிட்டு உனக்கு எதுக்குடா துப்பாக்கி?" என்று வகுப்பே சிரித்தது. சிரித்தவர்கள் கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்த விளையாட்டு நமக்குத் தூரத்து விஷயம் அல்ல. 2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நம் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்தது. நடிகர் அஜித்குமார் போட்டியிட வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அப்போது பத்தாம் வகுப்பு படித்த நாங்களும் கே.கே. நகருக்கு பஸ் ஏறி ஓடினோம். கூட்டத்தின் தலைகளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. உள்ளே ஒருவர் மூச்சை அடக்கிக் குறிபார்க்கும்போது வெளியே நாம் கூச்சல் போடலாமா என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் நம் பக்கத்துப் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் கலந்துகொண்டார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தங்கம் வாங்கித் தந்த மூவரில் அவரும் ஒருவர். அவருக்காகத்தான் நான் ட்ராப் போட்டிகளை செல்போனில் பார்க்க ஆரம்பித்தேன். வீரர்கள் நடுவில் மடிந்து தொங்கிய துப்பாக்கியோடு நடந்து வந்தார்கள். "என்னடா இது, உடைஞ்சு போச்சா?" என்று நினைத்தேன். உடையவில்லை. அதுதான் முதல் விதி.

ட்ராப் என்பது பறக்கும் தட்டைச் சுடும் போட்டி. எதிரே பள்ளத்தில் இருக்கும் மெஷின், சுமார் 11 செ.மீ. அகலமுள்ள தட்டை வீசும். அது எந்தப் பக்கம் போகும் என்று சுடுபவருக்குத் தெரியாது. 12 போர் துப்பாக்கியின் ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈய ரவைகள், இருநூறுக்கும் மேல் இருக்கும். ஆறு பேர் கொண்ட குழு வரிசையாக இடம் மாறி மாறிச் சுடும். இத்தனை துப்பாக்கிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் பயமில்லாமல் நிற்க முடிகிறதே, எப்படி?

சுடாத நேரத்தில் துப்பாக்கி காலியாக இருந்தாலும் திறந்தே இருக்க வேண்டும். "என்னுடையதில் தோட்டா இல்லை" என்று வாயால் சொன்னால் போதாது, மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தன் இடத்தில் நின்ற பிறகுதான் தோட்டா போடலாம். அவர் குரல் கொடுத்தால்தான் தட்டு வரும். அடுத்தவர் தட்டைக் குறிபார்க்கக் கூடாது. மேலே பறக்கும் பறவையைக் குறிபார்ப்பதும் தவறு. விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை மைதானத்தை நோக்கியே பிடித்து, திறக்காமல் நடுவர் வரும்வரை நிற்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ளலாம் அல்லவா?

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இன்னொன்று. 20 போர் தோட்டா 12 போரை விடச் சிறியது. தெரியாமல் 12 போர் துப்பாக்கியில் போட்டால் உள்ளே வழுக்கிப் போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். அதனால்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது வழக்கம். மனிதன் தவறுவான் என்று எண்ணி முன்கூட்டியே வழி செய்வதுதான் நல்ல டிசைன்.

"இதெல்லாம் ராஜா வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டுப்பா" என்பான் என் நண்பன். பிருத்விராஜ் ராஜ பரம்பரைதான், துப்பாக்கியும் தோட்டாவும் விலை அதிகம்தான். ஆனால் மைதானத்தில் ராஜாவும் துப்பாக்கியைத் திறந்துதான் தூக்க வேண்டும். விதி தவறும்போது அடிபடுவது யார் என்று யோசியுங்கள். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த தளத்திலிருந்து பறந்து வந்த குண்டு, தொலைவில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். அது ரைஃபிள் குண்டு, ட்ராப் ரவை அவ்வளவு தூரம் போகாது. ஆனால் பாடம் ஒன்றுதான். சுடுபவன் தன் குறியை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

என் அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்களின் நுனி இல்லை. ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸிலிருந்து தகட்டுத் துண்டை எடுத்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்தவர் கவனிக்காமல் பெடலை மிதித்துவிட்டார். "அவன் மேல கோபம் இல்லப்பா. 'அண்ணே, போடுறேன்'னு ஒரு குரல் கொடுத்திருந்தா போதும்" என்பார் அப்பா. குரல் கொடுத்தால்தான் தட்டு வரும் என்ற விதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்கள்தான் ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த நான், அந்த ஒரு குரலைக் கூடக் கற்றுக்கொள்ளாமல் வெறும் சான்றிதழோடு போனால் என்ன பயன்?

நம் ஒர்க் ஷாப்பைப் பாருங்கள். லேத் சக்கில் சாவியை விட்டுவிட்டு அரட்டை, சுவிட்ச் போடும் முன் ஒரு வார்த்தை சொல்வதில்லை, கிரைண்டிங்கில் கண்ணாடி போட்டவனைப் பார்த்துக் கேலி. கேட்டால் "நாங்கல்லாம் பார்க்காததா?" நடுவர் நின்று பார்க்கும் மைதானத்தில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. அங்கே ஒழுங்கு தவறினால் எச்சரிக்கை, மீறினால் வெளியேற்றம். இங்கே நடுவர் யார்? நாம்தான்.

ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பரிசு கொடுப்பது போல, ஒழுங்காக வேலை செய்யும் ஒர்க் ஷாப் பேட்ச்சுக்கும் ஒரு பரிசு கொடுங்கள்.

பக்கத்தில் நிற்பவன் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்ற நினைப்புதான் உண்மையான மரியாதை. சிந்திப்போம், செயல்படுவோம்!