விமானம் ரெடி, விமானி எங்கே? ஏர்லைன்ஸ்களைக் கவிழ்க்கும் ‘க்ரூ சாஃப்ட்வேர்’ சிக்கல்!

2025 டிசம்பர் முதல் வாரத்தை இந்திய விமானப் பயணிகள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். டெல்லி தொடங்கி சென்னை வரை விமான நிலையங்கள் திணறின. டிசம்பர் 5-ம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இண்டிகோ விமானங்கள் ரத்தாகின. தொழில்நுட்பக் கோளாறு, வானிலை, புதிய பணிநேர விதிகள் எனப் பல காரணங்களை நிறுவனம் அடுக்கியது. விமானங்கள் என்னவோ நின்றுகொண்டுதான் இருந்தன. விதிப்படி அவற்றை ஓட்டத் தகுதியான விமானிகள்தான் போதவில்லை.

பின்னர் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. வெளியிட்ட விசாரணை முடிவில், அளவுக்கு மீறிய ‘ஆப்டிமைசேஷன்’, புதிய விதிகளுக்குத் தயாராகாதது ஆகியவற்றோடு மென்பொருள் ஆதரவில் இருந்த குறைபாடும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. விமானிகளுக்கு டியூட்டி போடும் சாஃப்ட்வேருக்கும் நம்ம டிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அந்த மென்பொருள் என்ன செய்கிறது?

ஒரு விமானி சென்னையில் டியூட்டி தொடங்கி, கொச்சி, மும்பை போய், இரவு தங்கி, மறுநாள் சென்னைக்கே திரும்ப வேண்டும். இப்படிக் கிளம்பிய ஊருக்கே திரும்பும் பயணத் தொடரை ‘பேரிங்’ என்கிறார்கள். அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்வது ‘ரோஸ்டரிங்’. அன்றன்றைக்கு யார் எங்கே இருக்கிறார், இன்னும் எத்தனை மணி நேரம் பறக்கலாம் என்று பார்ப்பது ‘டிராக்கிங்’. திட்டம் குலைந்தால் மறுபடி அடுக்குவது ‘ரெக்கவரி’.

கேட்க சிம்பிளாக இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான விமானிகள், ஒவ்வொருவருக்கும் தனித் தகுதி, லீவு, ஓய்வு விதி என்று சேர்த்தால் சேர்க்கைகளின் எண்ணிக்கை மனித மூளைக்கு எட்டாது. அதனால்தான் ஜெப்பசன், லுஃப்தான்சா சிஸ்டம்ஸின் நெட்லைன், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.பி.எஸ். நிறுவனத்தின் ஐஃபிளைட் போன்றவற்றை ஏர்லைன்ஸ்கள் வாங்குகின்றன.

வாங்கும்போது பெரும்பாலும் முன்வைக்கப்படுவது முதல் இரண்டு வேலைகள்தான். இத்தனை சதவீதம் ஹோட்டல் செலவு குறையும், இத்தனை விமானிகள் குறைவாகப் போதும் என்று கணக்குக் காட்டுவது எளிது. நான்காவது வேலையான ரெக்கவரி எவ்வளவு தேறும் என்பது, எல்லாம் குலைந்துபோகும் நாளில்தான் தெரியும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூன்று பாடங்கள்

இது இந்தியாவுக்கு மட்டுமான கதை கிடையாது. அமெரிக்காவில் மூன்று முறை இதே இடத்தில் இடறியிருக்கிறார்கள்.

2004 கிறிஸ்துமஸ்: டெல்டாவின் துணை நிறுவனமான கோமேரின் பழைய க்ரூ மென்பொருளால் ஒரு மாதத்தில் சுமார் 32,000 மாற்றங்களை மட்டுமே பதிவு செய்ய முடியும். பனிப்புயலால் மாற்றங்கள் குவிந்தன. எண்ணிக்கை வரம்பைத் தொட்டதும் சிஸ்டம் நின்றுபோனது. கிறிஸ்துமஸ் நாளில் சுமார் 1,100 விமானங்கள் ரத்து. அந்த மென்பொருளை மாற்ற வேண்டும் என்ற பேச்சு நிறுவனத்துக்குள் பல ஆண்டுகளாகத் தள்ளிக்கொண்டே போயிருந்தது.

2022 டிசம்பர்: சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் சுமார் 16,900 விமானங்களை ரத்து செய்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் தவித்தார்கள். தொடங்கிவைத்தது குளிர்காலப் புயல். மற்ற நிறுவனங்கள் சில நாள்களில் சீரடைந்துவிட்டன, சவுத்வெஸ்டால் முடியவில்லை. அதன் மென்பொருள் இனி கிளம்பப்போகும் விமானங்களுக்கு ஆள் மாற்றத் தெரிந்தது. ஏற்கெனவே ரத்தாகிப்போன விமானங்களின் குழப்பத்தைப் பின்னோக்கிச் சரிசெய்யத் தெரியாது. ரத்துகள் மளமளவென வந்ததும் யார் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே கணினிக்குத் தெரியாமல் போனது. விமானிகளும் பணிப்பெண்களும் ‘நான் இங்கே இருக்கேன்’ என்று சொல்ல போனில் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். ஓராண்டு கழித்து அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதித்த அபராதம் 14 கோடி டாலர்.

2024 ஜூலை: கிரவுட்ஸ்டிரைக் அப்டேட் கோளாறால் உலகம் முழுக்கக் கணினிகள் முடங்கியபோது, டெல்டா சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. கணினிகள் உயிர்பெற்ற பிறகும் க்ரூ டிராக்கிங் கருவியால் குவிந்திருந்த மாற்றங்களை விழுங்க முடியவில்லை. இழப்பு 50 கோடி டாலர் என்றார் அதன் தலைமைச் செயல் அதிகாரி எட் பாஸ்டியன்.

முதல் இரண்டில் தொடக்கக் காரணம் புயல், மூன்றாவதில் அப்டேட் கோளாறு. ஆனால் கழுத்தைப் பிடித்தது ஒரே இடம்: யார் எங்கே, யாரால் பறக்க முடியும் என்ற கேள்விக்கு வேகமாகப் பதில் இல்லாதது.

இந்தியாவில் என்ன நடந்தது?

இங்கே கதை கொஞ்சம் வேறு. விமானிகளின் சோர்வைக் குறைக்க, வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கப்பட்டது. இரவுநேரத் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்ட விதிகள் இவை. இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1-ல் அமலானது.

புதிய விதிகளைப் போட்டு வரப்போகும் கால அட்டவணையை ஓட்டிப் பார்த்தால், எத்தனை விமானிகள் குறைவார்கள் என்பதை இதுபோன்ற மென்பொருள் மாதங்களுக்கு முன்பே காட்டிவிடும். காட்டுவது மென்பொருளின் வேலை. ஆள் எடுப்பதா, விமானங்களைக் குறைப்பதா என்று முடிவெடுப்பது நிர்வாகத்தின் வேலை. ஸ்டாண்ட்பையில் ஆளே இல்லாமல் நூல் பிடித்தாற்போல் போட்ட ரோஸ்டரை எந்தச் சாஃப்ட்வேராலும் காப்பாற்ற முடியாது. கடைசியில் இண்டிகோவுக்கு விதிகளில் தற்காலிகத் தளர்வு தரப்பட்டது. விமானங்களை 10% குறைக்கவும் அரசு உத்தரவிட்டது. அதாவது, நிறுவனத்தின் திட்டமிடல் குறைக்கு விமானிகளின் ஓய்வு கொஞ்ச நாளைக்கு விலையானது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* மோசமான நாளை ஓட்டிக் காட்டுங்கள்: விற்பனையாளரின் மாதிரித் தரவு வேண்டாம். சென்னை வெள்ளம், டெல்லி பனிமூட்டம் போன்ற ஒரு நாளின் சொந்தத் தரவைக் கொடுத்து, மறுபடி அடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும்.
* விதி மாறினால் யார் மாற்றுவது?: நிறுவனத்தின் சொந்த ஆட்களே சில நாள்களில் மாற்ற முடிய வேண்டும். வெளிநாட்டு அலுவலகத்தின் வரிசையில் மாதக்கணக்கில் நிற்கக் கூடாது.
* போன் போடாமல் தகவல் வருமா?: ‘இந்த ஊரில் இருக்கிறேன், இத்தனை மணிக்கு ரெடி’ என்று விமானி மொபைல் ஆப்பிலேயே பதிவு செய்ய வேண்டும்.
* மற்ற சிஸ்டங்களோடு பேசுமா?: பராமரிப்பு, ஹோட்டல், பயணி முன்பதிவு எல்லாம் தனித் தீவுகளாக இருந்தால் ஒரு மாற்றத்தை நான்கு இடத்தில் தட்டச்சு செய்ய வேண்டிவரும்.
* எப்போது மாற்றுவது?: தீபாவளி, டிசம்பர் சீசனில் புதிய சிஸ்டத்துக்கு மாறவே கூடாது. பழையதும் புதியதும் சில வாரங்கள் சேர்ந்து ஓட வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது

ஒவ்வொரு கோடை, குளிர்கால அட்டவணைக்கும் டி.ஜி.சி.ஏ. ஒப்புதல் தருகிறது. கூடுதல் விமானங்கள் கேட்கும் நிறுவனம், 20 சதவீத விமானங்கள் ஒரே நாளில் தடுமாறினால் எத்தனை மணி நேரத்தில் மீளும் என்பதைச் செய்துகாட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். எந்தக் கம்பெனியின் மென்பொருளை வாங்குவது என்பது ஏர்லைன்ஸின் உரிமை. அது கைவிடும்போது விமான நிலையத் தரையில் படுத்துத் தூங்குவது பயணிகள். அதனால் அந்தச் சோதனையின் முடிவையும் டி.ஜி.சி.ஏ. பொதுவெளியில் வெளியிட வேண்டும்.