மச்சி, அவனையும் கூப்பிடு

குடியை விட்டவனுக்கு நாம கொடுக்கிற முதல் தண்டனை என்ன தெரியுமா? ட்ரீட்டுக்குக் கூப்பிடாம விடுறது. "பாவம், திருந்தியிருக்கான், தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று நல்ல மனசோடுதான் விடுகிறோம். ஆனால் அவன் கையை விட்டுப் போனது பாட்டில் மட்டுமல்ல, சாயங்காலமும்தான்.

சின்னாளப்பட்டியில் தறி நெய்கிறவருக்கும் இதே கதைதான். கூலி வாங்கிய கையோடு சேர்ந்து குடித்த கூட்டத்தை விட்டுவிட்டால், தறி நின்ற பிறகு எங்கே போவார்? டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவருக்காக நாம் எதைத் திறந்து வைத்திருக்கிறோம்?

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப்பும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் வழி ரொம்ப எளிது: குடியில் சிக்கியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவது, இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பது. கட்டணம் கிடையாது. அந்த ஒரு நாளைக் கடக்க நாமும் துணை நிற்கலாம். டீக்கடை, ஷட்டில், சிறுமலைக்கு ஒரு பைக் ரைடு. "ஒரு பெக்தானே"ன்னு மட்டும் சொல்லாதீங்க. ஏன் குடிக்கலைன்னு கூட்டத்துல கேக்காதீங்க.

ஒன்று முக்கியம். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கு நண்பன் போதாது, டாக்டர் வேண்டும். 14446 என்ற இலவச உதவி எண்ணை போனில் போட்டு வையுங்க.

மற்ற நாளெல்லாம், சாயங்காலம் 6 மணிக்கு ஒரு போன் போதும்: "மச்சி, டீக்கு வர்றியா?"