டிராப் டேபிளும் வாட்ச்மேனும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம். காரணம், ஒரே ஒரு டிராப் டேபிள்.

புனேவுக்குப் பொட்டி தட்ட வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இப்படி ஒரு வெள்ளிக்கிழமையைப் பார்த்ததில்லை. எங்க டீம்ல புதுசா சேர்ந்த நாக்பூர் பையன், டெஸ்ட்னு நினைச்சு புரொடக்‌ஷன்ல ஒரு டேபிளைத் தூக்கிட்டான். பேக்கப்லேர்ந்து மீட்டு எடுக்கறதுக்குள்ள விடிஞ்சிருச்சு. பேக்கப்புக்கு அப்புறம் வந்த ஆர்டரையெல்லாம் மெயிலைப் பார்த்துப் பார்த்துக் கையால ஏத்தினோம். திங்கக்கிழமை மேனேஜர் எல்லாருக்கும் மெயில் போட்டார்: "இனிமே கவனமா இருங்க." பையன் முகத்தைப் பார்க்க முடியலை. வேலை போச்சுன்னே முடிவு பண்ணிட்டான்.

என்னைக் கேட்டா தப்பு எங்க மேலதான். போஸ்ட்கிரெஸ்ல ஒரு டேபிளை டிராப் பண்ண அதோட ஓனராவோ, ஸ்கீமா ஓனராவோ, சூப்பர்யூசராவோ இருக்கணும். அந்த ஓனர் லாகினையே டீம் முழுக்கக் கொடுத்து வச்சிருந்தோம். சொந்தச் செலவுல சூனியம்!

முதல்ல லாகினைப் பிரிச்சோம். அடுத்தது ஈவென்ட் ட்ரிகர். சாதா ட்ரிகர் ஒரு டேபிளுக்குள்ள நடக்கற இன்செர்ட், அப்டேட், டெலீட்டைப் பார்க்கும். இது டேபிளையே உருவாக்கறது, மாத்தறது, தூக்கறதைப் பார்க்கும். போஸ்ட்கிரெஸ்ல 2013-ல வந்த 9.3-லேர்ந்து இருக்கு. ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர்ல டிடிஎல் ட்ரிகர்னு சொல்லுவாங்க. மைஎஸ்க்யூஎல்ல கிடையாது.

போடறது ரொம்பச் சுலபம். ஒரு ஃபங்ஷன் எழுதி, அதை கிரியேட் ஈவென்ட் ட்ரிகர் மூலமா 'எஸ்க்யூஎல் டிராப்'ங்கற நிகழ்வோட கட்டணும். ஃபங்ஷன் எக்ஸெப்ஷன் எழுப்பினா டிராப் மொத்தமும் ரோல்பேக் ஆயிடும்.

நானும் ஒரு கூத்து அடிச்சேன். முதல்ல எல்லா டிராப்பையும் தடுத்துட்டேன். ராத்திரி ஓடற ரிப்போர்ட், தன்னோட டெம்பரரி டேபிளை டிராப் பண்ண முடியாம படுத்துடுச்சு. தூக்கப்படற பொருள் டெம்பரரியா இல்லையான்னு போஸ்ட்கிரெஸே ட்ரிகருக்குச் சொல்லும். அதைப் பார்த்து, நிரந்தர டேபிளை மட்டும் தடுக்கற மாதிரி மாத்தினேன்.

இங்கேதான் என் கட்சி. அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் எல்லாரையும் நிறுத்தினா பால்காரர்கூட உள்ளே வர முடியாது. ரெண்டே நாள்ல குடியிருக்கறவங்களே கேட்டைத் திறந்து போட்டுடுவாங்க. ட்ரிகரும் அப்படித்தான். கிரியேட், ஆல்டரை நோட்டுல எழுதினா போதும். டிராப்பை மட்டும் நிறுத்தட்டும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க: தடுத்த முயற்சியை ஒரு டேபிள்ல எழுதினா ரோல்பேக்ல அதுவும் சேர்ந்து போயிடும். சர்வர் லாக்லதான் தேடணும்.

இவர் கண்ணுல படாத சந்துகளும் உண்டு. டெலீட், ட்ரங்கேட், டிராப் டேட்டாபேஸ் எதையும் ஈவென்ட் ட்ரிகர் பார்க்காது. சூப்பர்யூசர் ஒரே வரியில இவரையே டிஸேபிள் பண்ணலாம், அப்பவும் வாயைத் திறக்க மாட்டார். அதனால ட்ரிகர் இருக்கேன்னு ஓனர் லாகினை மறுபடி ஊருக்கே கொடுத்துடாதீங்க.

டிஸ்கி: பையனுக்கு வேலை போகலை. இப்ப ட்ரிகரைக் கவனிச்சுக்கறது அவன்தான். "புரொடக்‌ஷன்ல ஒரு டிராப் அடிச்சு செக் பண்ணட்டுமா?"ன்னு கேட்டான். "வேணாம்பா, டெஸ்ட்லயே பாரு"ன்னேன். ரெண்டு வாரம் கழிச்சு அன்னிக்குத்தான் சிரிச்சான்.