சின்னம்மாவுக்கு அனுப்பிய வெள்ளைப் படம்

2025 ஆகஸ்டு 24, ஞாயிறு காலை 6.13. சிகாமட்டில் நிலம் அதிர்ந்தது. அளவு 4.1. வெள்ளம் எங்களுக்குப் பழகிப்போனது. நில நடுக்கம் புதிது. அன்றே 9 மணிக்குக் குளுவாங் பக்கம் இன்னொன்று, 2.8. அடுத்தடுத்த நாள்களிலும் சிறு அதிர்வுகள் வந்தன. சிகாமட்டில் தனியாக இருக்கும் என் சின்னம்மா ஐசி, மருந்து, இரண்டு சேலை என்று ஒரு பையைக் கட்டி வாசல் கதவருகே வைத்துவிட்டார். இரவில் தூக்கமும் இல்லை.

வானொலியில் நான் "பதற்றப்படாதீர்கள்" என்று சொன்னது அவரிடம் எடுபடவில்லை. கண்ணால் பார்க்கட்டும் என்று, வானிலைத் துறை வெளியிட்ட அளவுகளை ஜுப்பிட்டர் நோட்புக்கில் போட்டு, பிளாட்லியில் ஒரு வரைபடம் செய்தேன். புள்ளியைத் தொட்டால் நேரமும் அளவும் தெரியும். அளவில் ஒன்று குறைந்தால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு குறையும். அந்தக் கணக்கில் 2.8 என்பது 4.1-இல் சுமார் 90-இல் ஒரு பங்குதான். இதைத்தான் அவர் பார்க்க வேண்டும். அகப்பக்கமாக மாற்றிப் புலனத்தில் அனுப்பினேன்.

"தம்பி, வெள்ளையா இருக்குப்பா. எங்கிட்ட எதையாச்சும் மறைக்கிறியா?"

தலைப்பு இருந்தது, என் விளக்கம் இருந்தது, படம் இருக்க வேண்டிய இடம் காலி. என் மடிக்கணினியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது!

அரை நாள் தேடிய பிறகு புரிந்தது. இந்த வகைப் படம் புகைப்படம் அல்ல. திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தான் அதை வரைகிறது. நான் அனுப்பிய கோப்பில் அந்த நிரல் இல்லை. "இணையத்தில் போய் எடுத்துக்கொள்" என்ற ஒரு வரிதான் இருந்தது. சின்னம்மாவின் பழைய டேப்லெட்டில் டேட்டா முடிந்து இரண்டு நாளாம். (புலனம் பக்கத்து வீட்டு வைஃபையில் வந்திறங்கியது. அது எங்கள் குடும்ப ரகசியம்.)

பிளாட்லியில் படத்தை மட்டும் தனி அகப்பக்கமாகச் சேமிக்கலாம். அப்போது நிரலையும் உள்ளேயே சேர்க்கச் சொன்னால் போதும். கோப்பு சில எம்பி பெருக்கும், பெருக்கட்டும். தேதியை நகர்த்தும் ஒரு பட்டியையும் வைத்திருந்தேன், அதைக் கழற்றிவிட்டேன். நான் வைத்த வகைப் பட்டிக்குப் பின்னால் பைத்தான் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சின்னம்மா வீட்டில் பைத்தானுக்கு எங்கே போவது? இந்த முறை வைஃபையை அணைத்துவிட்டு என் கைப்பேசியிலேயே திறந்து பார்த்த பிறகுதான் அனுப்பினேன். கூடவே சாதாரணப் படம் ஒன்றும்.

சின்னம்மா ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்த்தாராம். மாலையில் அழைத்தார்.

"எல்லாம் சின்னதாத்தான் இருக்கு. அடுத்தது எப்போ வரும்னு போடலையே?"

அதை யாராலும் போட முடியாது என்றேன். பை இன்னும் கதவருகேதான் இருக்கிறது.